அலமாரியின் பின்வரிசை

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை விஞ்ஞான ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறான் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு தனிப் பெருமை உண்டு. எழுத்தராகவோ, கணக்கராகவோ, நம்மைப்போல் மொழிபெயர்ப்பாளராகவோ ஊரை விட்டு வந்து சேர்ந்த தலைமுறை, தன் மக்கள் பல்கலைக் கழகச் சோதனைச்சாலையின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே செல்வதைக் கண்டு மகிழ்வது இயற்கையே. அந்தக் கதவுக்கு அப்பால் காற்று எப்படியிருக்கிறது என்று கேட்கும் வழக்கந்தான் நம்மிடம் இல்லை.

சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலை, நம் குடியிருப்பின் மேல்மாடியில் வசிக்கும் அம்மையார் தம் மகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். "அண்ணா, இவன் விரல்களைப் பாருங்கள். மஞ்சட் காமாலையோ என்று பயமாக இருக்கிறது, இவனோ சிரிக்கிறான்" என்றார். பையனின் மூன்று விரல் நுனிகள் மஞ்சள் அரைத்தவர் விரல்போல் இருந்தன.

"காமாலை இல்லை மாமா, நைட்ரிக் அமிலம். தோலில் பட்டால் இப்படித்தான் மஞ்சளாகும், தோல் உரியும்போது போய்விடும்" என்றான் பையன். கையுறை அணிவதில்லையா என்று கேட்டோம். கையுறை தீர்ந்து மூன்று மாதமாயிற்றாம். புகையை வெளியேற்றுவதற்கென்று ஓர் அலமாரி இருக்குமே என்றோம். இருக்கிறதாம்; ஆனால் அதன் விசிறி இரண்டு ஆண்டுகளாகச் சுழல்வதில்லையாம். இடம் வீணாக வேண்டாமென்று அதனுள் பழைய புட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களாம். விசிறியைப் பழுது பார்க்கும்படி ரசாயனத் துறை பொறியியற் பிரிவுக்கு எழுதியது. அது மின்சாரப் பிரிவின் வேலை என்று பொறியியற் பிரிவு பதில் எழுதியது. பழுது விசிறியில் இல்லை, கூரை வழியாகச் செல்லும் குழாயில்தான், ஆகவே அது கட்டட வேலை என்று மின்சாரப் பிரிவு குறிப்பெழுதியது. இந்த மொழி நமக்கு நன்றாகப் புரிகிற மொழி. இருபது ஆண்டுகளாக இதைத்தானே மொழிபெயர்த்து வருகிறோம்!

நாம் ரசாயனம் படித்தவரல்லோம். வரலாறும் இலக்கியமும் படித்துப் பட்டம் பெற்றவர். ஆயினும் அன்றிரவு அந்த மஞ்சள் விரல்கள் கண்ணைவிட்டு அகலவில்லை. அதன்பின் சில மாதங்கள் இவ்விஷயத்தைப் பற்றிக் கிடைத்த அறிக்கைகளையும் நூல்களையும் படித்தோம். படித்தவற்றில் நேயர்களுக்கு உதவுவனவற்றை இங்கே கூற விரும்புகிறோம்.

முதலில், ஒரு ரசாயனப் பொருள் உடலுக்குள் எவ்வழியாகப் புகுகிறது என்பதைப் பார்ப்போம். வாய் வழியாகப் புகுவது எல்லோரும் அறிந்தது. முற்காலத்தில் மாணவர்கள் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து அமிலத்தை உறிஞ்சி அளந்தார்கள். இப்பொழுது அதற்கு ரப்பர்க் குமிழ் இருக்கிறது. மூக்கும் தோலுமே பெரும்பாலும் நாம் மறந்துவிடும் வாயில்கள்.

மூக்கை நம்பலாகாது என்பதற்கு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவே போதிய சான்று. பட்ட வகுப்பில் உப்புகளைப் பகுத்தாய்ந்தவர்கள் அதன் அழுகிய முட்டை நாற்றத்தை மறந்திருக்க மாட்டார்கள். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தாலும் அது மணக்கும். ஆனால் ஏறக்குறைய 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கின் உணர்வு மரத்துப்போகிறது. 'நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை' என்று மாணவன் நினைக்கும் நேரமே அபாயம் மிகுந்த நேரமாக இருக்கக்கூடும். பென்சீனின் வழி இதற்கு மாறானது. அதன் மணம் சிலருக்கு இனிமையாகவே தோன்றும். பல ஆண்டுகள் சிறிது சிறிதாக அதனைச் சுவாசித்தவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாகக்கூடும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மை. பாதரசத்துக்கோ மணமே கிடையாது. ஜெர்மனி நாட்டு ரசாயன அறிஞர் ஆல்பிரட் ஸ்டாக் என்பார் பல ஆண்டுகளாகத் தலைவலியாலும் ஞாபக மறதியாலும் வருந்தி, தம் சோதனைச்சாலைக் காற்றில் கலந்திருந்த பாதரச ஆவியே அதற்குக் காரணமெனக் கண்டறிந்து, 1926-ஆம் ஆண்டு அதனை எழுதி உலகுக்கு உணர்த்தினார். தரையின் விரிசலில் சிந்திய பாதரசத் துளி, சிந்தியவர் ஓய்வு பெற்றுச் சென்ற பின்னும் அங்கேயே கிடந்து ஆவியாகிக்கொண்டிருக்கும்.

மூக்குக்குக் காவலாக அமைந்ததுதான் மேலே சொன்ன புகைபோக்கி அலமாரி. மாணவர்கள் அதனை 'ஃப்யூம் ஹூட்' என்பார்கள். மூன்று பக்கம் மூடி, முன்பக்கம் மேலும் கீழும் நகரும் கண்ணாடிக் கதவு பொருத்திய பெட்டி அது. கூரைமேல் உள்ள விசிறி, அறைக் காற்றை முன்பக்கத்தின் வழியே உள்ளிழுத்துக் குழாய் வழியாக வெளியேற்றும். அந்த வாயிலில் காற்று வினாடிக்குச் சுமார் அரை மீட்டர் வேகத்தில் உட்செல்லவேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. வேகம் குறைந்தால் புகை அறைக்குள் திரும்பும். புட்டிகளை அடைத்து வைத்தாலும் காற்றோட்டம் சுழித்துத் திரும்பும். விசிறி நின்றுபோனாலோ அது வெறும் அலமாரிதான். இதனைச் சோதிக்கக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை. மெல்லிய காகிதத்தை நாடா போல் கிழித்துக் கதவின் கீழ் விளிம்பில் ஒட்டினால், அது உட்புறமாகச் சாய்கிறதா என்பதைக் கண்ணாலேயே காணலாம். காற்றின் வேகத்தை அது அளந்து சொல்லாது. ஆனால் காற்று ஓடுகிறதா, இல்லையா என்பதைச் சொல்லிவிடும்.

இனித் தோல். அமெரிக்க நாட்டின் டார்ட்மவுத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்னும் பேராசிரியை இருந்தார். உலோகங்கள் உடலுக்கு விளைக்கும் தீங்கினை ஆராய்வதே அவர் துறை. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் தேதி, புகைபோக்கி அலமாரியில், கையுறை அணிந்து, டைமெத்தில் மெர்க்குரி என்னும் பாதரசச் சேர்மத்தை அளந்து எடுக்கையில் சில துளிகள் கையுறையின்மீது விழுந்தன. கையுறை கிழியவில்லை, அன்று அவருக்கு ஒன்றும் தோன்றவுமில்லை. ஐந்து மாதங்கள் கழித்து நடை தடுமாறியது, பேச்சுக் குழறியது, பார்வை குறுகியது. ரத்தத்தைச் சோதித்தபோது பாதரசம் ஆபத்து எல்லையைப்போல் இருபது மடங்கு இருந்தது. 1997-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி, தமது 48-ஆம் வயதில் அவர் காலமானார். அச்சேர்மம் லேடெக்ஸ் ரப்பர்க் கையுறையைச் சில வினாடிகளிலேயே ஊடுருவிவிடும் என்பது பின்னர் நடத்திய சோதனையில்தான் தெரிந்தது. அவர் அசட்டையாக இருந்தவரல்லர்; அன்று நல்ல முறையெனக் கருதப்பட்டதையே பின்பற்றினார். அம்முறை போதாதென்பது அவருக்கும் தெரியாது, அவரைப் பணியில் வைத்திருந்த கல்லூரிக்கும் தெரியாது. எனினும் பணிபுரிவோருக்குக் கையுறையின் எல்லையைக் கற்பிக்கத் தவறியதற்காக அரசாங்கப் பாதுகாப்புத் துறை கல்லூரிக்கு அபராதம் விதித்தது.

அறியாமையால் வந்த கேடு இது. அறிந்தும் கவனியாமல் விட்டதால் வரும் கேடு வேறு வகை, அதுவே அதிகம்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் 2008-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி, விடுமுறை வாரத்தில், 23 வயதான ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் காற்றுப் பட்ட மாத்திரத்தில் தீப்பற்றும் ஒரு லித்தியச் சேர்மத்தைப் பிளாஸ்டிக் ஊசிக்குழலால் எடுத்துக்கொண்டிருந்தார். குழலின் தண்டு கழன்று வந்துவிட்டது. திரவம் சிந்தித் தீப்பற்றியது. அவர் சோதனைச்சாலை மேலங்கி அணிந்திருக்கவில்லை. அணிந்திருந்ததோ செயற்கை நூலால் ஆன கம்பளிச் சட்டை. பதினெட்டு நாள் மருத்துவமனையில் கிடந்து, 2009-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி அவர் இறந்தார்.

இதில் நம் மனத்தை உறுத்துவது தீ அன்று. விபத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, அக்டோபர் மாதத்தில், பல்கலைக் கழகத்தின் பாதுகாப்புப் பிரிவு அதே சோதனைச்சாலையைப் பார்வையிட்டு, பணிபுரிவோர் மேலங்கி அணிவதில்லை என்பது உட்படப் பல குறைகளை எழுதி வைத்திருந்தது. குறிப்பு இருந்தது, குறை தீரவில்லை. அரசாங்கம் சுமார் 32 ஆயிரம் டாலர் அபராதம் விதித்தது. 2011-ஆம் ஆண்டின் இறுதியில் பேராசிரியர்மீதும் பல்கலைக் கழக ஆட்சிக்குழுவின்மீதும் குற்றவழக்குத் தொடரப்பட்டது. பல்கலைக் கழகச் சோதனைச்சாலை விபத்துக்காக அந்நாட்டில் தொடரப்பட்ட முதல் குற்றவழக்கு அதுவே. ஆட்சிக்குழு 2012-ல் உடன்பாடு செய்துகொண்டு இறந்தவர் பெயரால் ஒரு கல்வி உதவி நிதி நிறுவியது. பேராசிரியர் 2014-ல் 800 மணி நேரச் சமூகப் பணிக்கும் 10,000 டாலர் செலுத்தவும் இசைந்தார்.

இவ்வழக்கில் ஒரு நுட்பத்தைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். இறந்தவர் சம்பளம் பெறும் ஊழியர். அதனாலேயே தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் அங்கே நுழைய முடிந்தது. அதே மேசையில் அதே வேலையைச் செய்த ஒரு மாணவர் இறந்திருந்தால், அச்சட்டம் வாயிலிலேயே நின்றிருக்கும். நம் நாட்டிலும் நிலை வேறல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், உற்பத்தி நடைபெறும் இடத்தையும் அங்கே வேலை செய்யும் தொழிலாளரையும் கருதி எழுந்தது. போபால் துயரத்துக்குப் பின் 1987-ல் அச்சட்டத்தில் அபாயத் தொழில்களுக்கென்று ஒரு தனி அத்தியாயமே சேர்க்கப்பட்டது. பட்டம் பெறுவதற்காக இரவு பதினொரு மணி வரை கரைப்பான்களைக் காய்ச்சி வடிக்கும் ஆராய்ச்சி மாணவனோ உற்பத்தி செய்பவனல்லன், தொழிலாளியுமல்லன். ஆலையின் வாயிலில் ஓர் ஆய்வாளர் வந்து நிற்பார் என்ற அச்சம் முதலாளிக்கு இருந்தது. கல்லூரி வாயிலில் அப்படி யாரும் வந்து நிற்பதை நாம் கண்டதில்லை.

தலைநகர்வாசிகளுக்கு நினைவிருக்கக்கூடிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஜனக்புரிப் பக்கம் வாழும் நேயர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் தலையசைப்பார்கள்: மாயாபுரி. மேற்குத் தில்லியின் பழைய இரும்புச் சந்தை அது. சென்னையில் 'காயலான் கடை' என்போமே, அத்தகைய கடைகள் தெருத்தெருவாக நிறைந்த இடம். 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அங்கே ஒரு கடைக்காரர் தோல் கறுத்து, முடி உதிர்ந்து மருத்துவமனைக்கு வந்தார். கதிர்வீச்சாக இருக்குமோ என்று மருத்துவர்கள் ஐயுற்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு அறிவித்தனர். கருவிகளோடு வந்த நிபுணர்கள் அக்கடைகளில் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருளின் துண்டுகளைக் கண்டெடுத்தார்கள்.

அது எங்கிருந்து வந்தது? தில்லிப் பல்கலைக் கழகத்தின் ரசாயனத் துறையிலிருந்து. ரசாயனப் பொருள்களின்மீது காமாக் கதிர்களைச் செலுத்தி ஆராய்வதற்காக 1960-களின் இறுதியில் கனடா நாட்டிலிருந்து தருவித்த இயந்திரம் அது. 1985-ஆம் ஆண்டுக்குப் பின் அதனை எவரும் பயன்படுத்தவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் ஓர் அறையில் கிடந்தது. 2010-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பயனற்ற சாமான்களோடு சேர்த்து ஏலம் விடப்பட்டது. கடைக்காரர்கள் அதன் கனத்த ஈயக் கவசத்தை உரித்தார்கள்; பழைய உலோகம் வாங்குவோருக்கு ஈயம் விலையுள்ள பொருளல்லவா? உள்ளிருந்த பளபளப்பான உலோகம் இன்னதென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒருவர் ஒரு சிறு துண்டைத் தம் பணப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஏப்ரல் 26-ஆம் தேதி ஒருவர் உயிர் நீத்தார்.

கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் வீரியத்தில் பாதியை இழக்கும். கணக்கிட்டுப் பார்த்தால், வாங்கிய நாளில் இருந்ததில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு வீரியமே ஏலத்தின்போது எஞ்சியிருந்திருக்கும். அந்த எச்சமே ஓர் உயிரைக் கொள்ளப் போதுமானதாயிருந்தது. பல்கலைக் கழகம் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளை மீறியது என்று வாரியம் கூறி, கதிரியக்கப் பொருள்களைக் கையாள அதற்கிருந்த அனுமதியை நிறுத்திவைத்தது. துணைவேந்தர் தார்மிகப் பொறுப்பேற்று வருத்தம் தெரிவித்தார்.

இந்த நிகழ்ச்சியைப் படித்தபோது நமக்குத் தோன்றியது இதுதான். அரசாங்க அலுவலகத்தில் நாம் ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்கு மாறும்போது, அகராதிகள் இத்தனை, நாற்காலி ஒன்று, மேசை விளக்கு ஒன்று என்று பட்டியலிட்டு, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குகிறோம். ஓர் அகராதி குறைந்தாலும் பாக்கியில்லைச் சான்றிதழ் கிடைக்காது. இந்தச் சடங்கை நாமே பலமுறை கேலி செய்திருக்கிறோம். இனிக் கேலி செய்யப்போவதில்லை. சோதனைச்சாலையில் மாணவன் நான்கைந்து ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடுகிறான், பேராசிரியர் ஓய்வு பெறுகிறார், துறைத்தலைவர் மாறுகிறார். நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தந்தாயா என்று கேட்கிறார்கள். குளிர்பெட்டியில் நீ வைத்துச் செல்லும் பெயரெழுதாத புட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்போர் அரியர். மனிதர்கள் போய்விடுகிறார்கள், பொருள்கள் அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டு அங்கேயே இருக்கின்றன.

பின்வரிசையில் இருப்பவை சும்மா இருப்பனவும் அல்ல. ஈதர் என்னும் கரைப்பானை எடுத்துக்கொள்வோம். புட்டியை ஒருமுறை திறந்து காற்றுப் பட்டுவிட்டால், மாதக்கணக்கில் அதனுள் பெராக்சைடு என்னும் வெடிக்கும் தன்மையுள்ள பொருள் மெல்ல உருவாகும். சில ஆண்டுகள் கிடந்த புட்டியின் மூடியைச் சுற்றி வெண்படிகங்கள் காணப்படலாம். அவ்வேளையில் மூடியைத் திருகுவதே வெடிப்பதற்குப் போதும். பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை சாது, உலர்ந்துவிட்டால் வெடிமருந்து. ஆகையால்தான் புட்டியின்மேல் பெயரோடு திறந்த தேதியையும் எழுதவேண்டும் என்கிறார்கள். ஒரு பேனாவும் ஒரு துண்டுக் காகிதமும் இதற்குப் போதுமே. பணமில்லை என்ற சமாதானம் இங்கே செல்லாது.

பணமில்லை என்பதைப் பல இடங்களில் நாமும் ஏற்கிறோம். மாநிலக் கல்லூரிகளின் நிலை நமக்குத் தெரியாததன்று. ஆனால் வறுமை ஒன்றே காரணமாயின், வளம் மிக்க நிறுவனங்களில் விபத்து நேராதிருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் நிறுவனம் வறியதன்று. நம் நாட்டின் தலைசிறந்த ஆராய்ச்சி நிலையங்களுள் ஒன்றான பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி வாயு உருளை வெடித்து ஓர் ஆராய்ச்சியாளர் இறந்தார், மூவர் காயமடைந்தனர். புகழும் பொருளும் மட்டும் காவலாகிவிடுவதில்லை.

பெற்றோர் என்ன செய்யலாம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். வழிகாட்டியிடம் சண்டைக்குப் போங்கள் என்று சொல்லமாட்டோம். ஆராய்ச்சி மாணவனின் எதிர்காலம் ஒருவர் கையெழுத்தில் தொங்குகிறது என்பதை அறிவோம். மாணவர்கள் வாய் திறவாதிருப்பதற்கு அதுவே பெருங்காரணம். ஆனால் வீட்டில் கேட்கலாம். புகைபோக்கியில் காற்று ஓடுகிறதா? நீ கையாளும் பொருளுக்கு எந்தக் கையுறை தகும் என்று பார்த்தாயா, அல்லது கிடைத்ததை மாட்டிக்கொள்கிறாயா? ஒவ்வொரு பொருளோடும் அதன் தன்மையை விளக்கும் பாதுகாப்புத் தாள் வருமே, அது எங்கே இருக்கிறது? கண்ணைக் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா? இரவில் தனியாக வேலை செய்கிறாயா? இக்கேள்விகளுக்கு ரசாயனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குறையிருப்பின், ஒருவராக அல்லாமல் மாணவர் பலர் சேர்ந்து, தேதியிட்டு, துறைத்தலைவருக்கு எழுத்தில் தருவது நலம். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் படியின் மதிப்பை நம்மைப்போல் அலுவலகத்தில் காலந்தள்ளியவர்கள் அறிவார்கள். சோதனைச்சாலை மேலங்கியை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கவேண்டாம் என்பதையும் தாய்மார்களுக்குச் சொல்லிவைக்கிறோம்.

மேல்மாடிப் பையன் இவ்வாண்டு தன் ஆராய்ச்சி ஏட்டைச் சமர்ப்பித்துவிட்டான். விரல்களில் மஞ்சள் இல்லை, கையுறை வந்துவிட்டதாம். விசிறியைப் பற்றிய கோப்பு இப்பொழுது நிதிப் பிரிவில் இருக்கிறது என்றான். புறப்படுமுன் அவனும் இரு நண்பர்களும் சேர்ந்து அந்த அலமாரியிலிருந்த புட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணி, பெயர் தெரிந்தவை, தெரியாதவை, மூடி திறக்கக்கூடாதவை என்று ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார்கள். மூன்று பக்கம் வந்ததாம். யாரிடம் ஒப்படைத்தாய் என்று கேட்டோம்.

"அதைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர் யார் என்று துறையில் யாருக்கும் தெரியவில்லை மாமா. அலுவலகத்தில் ஒரு படி கொடுத்து முத்திரை வாங்கினேன். இன்னொன்றை அலமாரிக் கதவிலேயே ஒட்டிவிட்டேன். அடுத்த மாதம் புதிதாக ஒரு பெண் சேர்கிறாள், அவளுக்குத்தான் அந்த மேசை" என்றான்.